நூறு சதவீத மாத்திரை

எங்கள் கல்லூரியில் காலை பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு ஒரு மணி அடிக்கும். அடித்தால் நாற்பது வயதைத் தாண்டிய எல்லோரும் வாயைத் திறக்க வேண்டும். பேராசிரியர், கிளார்க், பஸ் டிரைவர், தோட்டக்காரர் என்ற பாகுபாடு கிடையாது. சமத்துவத்தை எங்கள் கல்லூரி வேறு எந்த விஷயத்திலும் கடைப்பிடித்ததில்லை என்பதால் இதைக் குறிப்பிட்டுச் சொல்கிறேன்.

மதுரையிலிருந்து மேலூர் போகிற சாலையில், ஒத்தக்கடையைத் தாண்டி இருக்கிற பொறியியல் கல்லூரி. பெயர் வேண்டாம். நான் அங்கே தமிழ் கற்பிக்கிறவன். பொறியியல் கல்லூரியில் தமிழாசிரியருக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். வரவேற்புரை எழுதுவது, நன்றியுரை எழுதுவது, தாளாளரின் பிறந்தநாளுக்கு வாழ்த்துப்பா எழுதுவது. மீதி நேரத்தில் பாடமும் உண்டு.

போன வருடம் எங்கள் மெக்கானிக்கல் துறைத் தலைவர் மாரடைப்பில் இறந்துபோனார். தாளாளர் சூரியபிரகாஷ் அவர்கள் மூன்று மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்த ஊழியர் கூட்டத்தில்தான் அது நடந்தது. துறைத் தலைவர் கண்ணை மூடித் தலையைச் சாய்த்திருந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். தாளாளர் பேசும்போது கண் மூடியிருப்பது எங்கள் கல்லூரியில் நோய்க்குறி அல்ல. அதனால் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்க வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

தாளாளர் உண்மையிலேயே கலங்கிப் போனார். பத்து நாளைக்குள் 'இதயம் காப்போம்' திட்டம் வந்துவிட்டது. தினம் ஒரு சின்ன ஆஸ்பிரின், எழுபத்தைந்து மில்லிகிராம், சாப்பிட்டால் மாரடைப்பு அண்டாது என்று அவருடைய செல்போனுக்கு யாரோ ஒரு செய்தி அனுப்பியிருந்தார்கள். இதை நடத்துவதற்கு ஒரு டாக்டர் வேண்டும் என்றார். எங்கள் கல்லூரியில் அறுபத்திரண்டு டாக்டர்கள் இருக்கிறார்கள், எல்லோரும் பிஎச்.டி. அவர்களில் டாக்டர் மாதங்கியைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த அம்மாள் காங்கிரீட்டில் விழும் விரிசல்களை ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். விரிசல் எங்கே விழுந்தாலும் விரிசல்தானே என்றார் தாளாளர்.

இதற்குப் பின்னால் இன்னொரு காரணமும் இருந்தது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தரச்சான்றுக் குழு வரும். அவர்களிடம் கல்லூரி தன்னுடைய 'சிறந்த நடைமுறை' என்று ஒன்றைக் காட்டியாக வேண்டும். சென்ற முறை நாங்கள் வளாகம் முழுக்கச் சிட்டுக்குருவிக்கு மரப்பெட்டிக் கூடு கட்டித் தொங்கவிட்டிருந்தோம். குழு வந்த அன்று ஒரு குருவிகூட வரவில்லை, மதிப்பெண் போய்விட்டது. இந்தத் தடவை குருவியை நம்ப வேண்டாம், ஊழியர்களையே வைத்துச் செய்வோம் என்று முடிவானது.

முறை இதுதான். மணி அடித்ததும் போர்ட்டிகோவில் வரிசை. முதலில் தமிழ்த்தாய் வாழ்த்து. மாதங்கி அம்மாள் ஒலிபெருக்கியில், நேற்றுவரை விழுங்கப்பட்ட மாத்திரைகளின் மொத்த எண்ணிக்கையை வாசிப்பார். காகிதக் கப்பில் தண்ணீர். இரண்டாவது மணிக்கு விழுங்க வேண்டும். விழுங்கியபின் நாக்கை நீட்டினால், தேதியும் நேரமும் அட்சரேகை தீர்க்கரேகையும் பதிகிற மாதிரி ஜியோ டேக் போட்டோ எடுப்பார்கள். நூற்று நாற்பத்தெட்டு நாக்குகள் தினமும் இப்படிப் பதிவாயின. என்னுடையது நாற்பத்தொன்றாவது.

இரண்டாம் நாளே ஒரு சிக்கல். கேட் வாட்ச்மேன் நல்லகாமன் பேரையூர்ப் பக்கத்து ஆள், ஐம்பத்திரண்டு வயது. இரண்டு வருடத்துக்கு முன் அவனுக்கு நிஜமாகவே மாரடைப்பு வந்து, அரசு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். மாதாமாதம் வரிசையில் நின்று வாங்கி வரும் மாத்திரைகளில் இந்த ஆஸ்பிரினும் ஒன்று. சாகும்வரை நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். நான் வீட்டிலேயே போட்டுட்டுத்தான் வாரேன் என்று அவன் சொன்னதும் மாதங்கி அம்மாள் யோசித்தார். வீட்டில் போடுகிற மாத்திரைக்கு அட்சரேகை கிடையாது. ஒரே ஆளுக்கு இரண்டு மாத்திரையும் ஆகாது. கடைசியில் அவனுடைய ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கி, ஆஸ்பிரின் என்ற வரியைப் பேனாவால் அடித்து, 'கல்லூரியில் வழங்கப்படுகிறது' என்று எழுதி, முத்திரை வைத்துக் கொடுத்தார். நல்லகாமனுக்கு அதில் சந்தோஷம்தான். ஆஸ்பத்திரியில் கொடுப்பதைக் கல்லூரியே கொடுக்கிறது என்றால் மரியாதைதானே.

அவனுக்கு அந்த மாத்திரையால் ஒரு குறையும் வரவில்லை. குறை வந்தது ஹரிராமுக்கு.

ஹரிராம் எங்கள் அலுவலகக் கண்காணிப்பாளர். சௌராஷ்டிரக் குடும்பம், மகால் பக்கம் வீடு. அப்பா காலம்வரை தறி இருந்தது. இவர் பைல்களோடு காலம் தள்ளிவிட்டார். ஐம்பத்தேழு வயது, யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதர். கேட்டுக்குள் நுழையும்போது நல்லகாமனோடு பத்து நிமிடம் நின்று பேசிவிட்டுத்தான் உள்ளே வருவார். இவர் கொண்டுவருகிற டிபனில் பாதி அவனுக்குப் போகும். இளவயதில் வயிற்றில் புண் வந்து ஆறியிருந்தது. மாத்திரை ஆரம்பித்த மூன்றாவது மாதம் அந்தப் புண் மறுபடியும் உயிர்பெற்றது. எரிச்சல், பிறகு வலி. ஒரு நாள் மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனது. அவர் அதை யாரிடமும் சொல்லக் கூச்சப்பட்டு, என்னிடம் மட்டும், அதுவும் எழுத்தர் அறைக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

முனிச்சாலையில் அவருடைய குடும்ப டாக்டர் சுப்பராமன் கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப் போனேன். காங்கிரீட் படிக்காத டாக்டர். கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், கல்லூரித் திட்டத்தை முழுதாகக் கேட்டார்.

"இந்த மாத்திரை கெட்டது இல்லே, ஹரிராம். ஒரு தடவை அடைப்பு வந்தவனுக்கு, ஸ்டென்ட் வச்சவனுக்கு இது உயிர். நிறுத்தவே கூடாது. உங்களுக்கு இதயத்துல ஒண்ணும் இல்லே, வயத்துல புண்ணு இருக்கு. உங்களுக்கு இதனால வர்ற நல்லதை விட ரத்தம் கசியற ஆபத்துதான் ஜாஸ்தி. யாருக்கு எதுன்னு ஆளைப் பாத்துதான் சொல்ல முடியும். வரிசையில நிக்க வச்சுச் சொல்ல முடியாது. நாளையிலேருந்து நிறுத்திடுங்கோ."

இதையே ஒரு கடிதமாகவும் எழுதிக் கொடுத்தார். இந்தக் கதையில் பிறகு நடந்ததெல்லாம் அந்த அரைப்பக்கக் கடிதத்தை ஒருவர்கூட முழுதாகப் படிக்காததால் நடந்தது. ஹரிராம் மட்டும் படித்தார்.

மறுநாள் கடிதத்தோடு மாதங்கி அம்மாளைப் பார்த்தோம். கடிதத்தில் குறிப்பு எண் இல்லை என்பதை அவர் முதலில் சுட்டிக்காட்டினார். விண்ணப்பம் உரிய வழியாக, அதாவது அலுவலகக் கண்காணிப்பாளர் மூலமாக வர வேண்டும் என்றார். அலுவலகக் கண்காணிப்பாளர் ஹரிராம்தான். அவர் தன் விண்ணப்பத்தைத் தானே பெற்றுக்கொண்டு, தானே பரிந்துரைத்து, மத்தியானம் மறுபடி கொண்டுபோனார். அம்மாள் அதை ஓரமாக வைத்துவிட்டு அன்பாகவே பேசினார்.

"சார், உங்க வயிறு உங்க தனிப்பட்ட விஷயம். நூறு சதவீதம்ங்கறது கல்லூரியோட விஷயம். ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க. தொண்ணூத்தொன்பதுன்னு எழுதினா அது வெறும் நடைமுறை. சிறந்த நடைமுறை ஆகாது."

மறுநாள் முதல் ஹரிராம் மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு, பிறகு கழிப்பறையில் போய்த் துப்ப ஆரம்பித்தார். மூன்று நாள் நடந்தது. நான்காம் நாள் போட்டோவைப் பெரிதுபடுத்திப் பார்த்ததில் வெள்ளையாக ஒரு விளிம்பு தெரிந்துவிட்டது. 'கல்லூரியின் உடைமையை நாவின் அடியில் மறைத்து வைத்தமைக்கு' விளக்கம் கேட்டு அவருக்கு மெமோ வந்தது. பதிலை நல்ல தமிழில் எழுதித் தரச் சொல்லி என்னிடம்தான் வந்தார். இனி நாவை மறைவிடமாகப் பயன்படுத்த மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அன்று நல்ல வாக்கியம் என்று நினைத்தேன்.

வேலையை விட்டுவிடலாமே என்று கேட்கத் தோன்றும். அவருடைய மகள் காவ்யஸ்ரீ எங்கள் கல்லூரியிலேயே மூன்றாம் ஆண்டு. ஊழியர் பிள்ளைகளுக்கான சலுகை இடம். அப்பா வெளியே போனால் இடமும் போய்விடும். "இன்னும் மூணு செமஸ்டர்தான் சார், வயிறு தாங்கிக்கிரும்" என்பார். அவருடைய விரல் நகங்கள் அப்போதே வெளுத்துக்கொண்டு வந்தன.

கடைசியில் அவரைத் தாளாளரிடமே நேரில் கூட்டிப் போனேன். தாளாளர் கேட்டார், மெய்யாகவே கவனித்துக் கேட்டார். அதுதான் ஆபத்தாகிவிட்டது. ஒருவருக்கு விலக்குக் கொடுத்தால் நாளைக்கே எல்லோருக்கும் வயிறு வலிக்கும், கொள்கை என்றால் எல்லோருக்கும் உண்டு அல்லது எல்லோருக்கும் இல்லை என்றார். ஆனால் நன்மை அதிகமா, பக்கவிளைவு அதிகமா என்று அறிவியல்பூர்வமாக எடைபோட்டுப் பார்க்கத் தான் தயார் என்றும், எடை போடுவதற்கு நம் ஊரில் ஒரே ஒரு முறைதான் இருக்கிறது என்றும் சொன்னார். அது என்ன முறை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அவருக்குப் பட்டிமன்ற நடுவராக உட்காருவதில் இருபது வருட ஆசை.

மதுரையில் இது ஒன்றும் புதிதில்லை. வீட்டில் நிம்மதி தருவது மனைவியா மகளா என்பதிலிருந்து சாம்பாரா ரசமா என்பதுவரை, இரண்டு பக்கமும் மூன்று மூன்று பேரை உட்காரவைத்துத் தீர்க்காத விஷயம் எங்கள் ஊரில் கிடையாது. ஒரு பக்கம் ஜெயிக்கும், இன்னொரு பக்கம் தோற்கும், எல்லோரும் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். மருந்தை இப்படித் தீர்த்தது மட்டும் நாங்கள்தான் முதல் என்று நினைக்கிறேன். 'தினம் ஒரு ஆஸ்பிரின்: தருவது நலமே, தொல்லையே' என்று தலைப்பு வைத்தது நான். நலமே அணிக்கு மாதங்கி அம்மாள் தலைவர். தொல்லையே அணிக்கு, வேறு யாரும் துணியாததால், நான்.

தேதி மூன்று முறை தள்ளிப்போனது. முதலில் சிறப்பு விருந்தினர் கிடைக்கவில்லை. பிறகு அரங்கத்தில் ஏசி வேலை செய்யவில்லை. பிறகு நடுவருக்கே தொண்டை கட்டிக்கொண்டது. தீர்ப்பு வரும்வரையாவது மாத்திரையை நிறுத்தி வைக்கலாமா என்று ஹரிராம் எழுதிக் கேட்டதற்கு, தீர்ப்புக்கு முன் நிறுத்தினால் அது நடுவரை அவமதிப்பதாகும் என்று பதில் வந்தது. பத்தொன்பது நாள் அவர் தினமும் வரிசையில் நின்று விழுங்கினார். சுப்பராமன் டாக்டர் வயிற்றுக்குக் கொடுத்த மாத்திரையையும் விழுங்கினார். அதை நிறுத்தாமல் இதைச் சாப்பிட்டு என்னய்யா பிரயோஜனம் என்று டாக்டர் போனில் கத்தியது எனக்கே கேட்டது. ஹரிராமின் மனைவி நாகமணி ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"பட்டிமன்றத்தச் சீக்கிரம் வச்சிரச் சொல்லுங்க சார். இவரால மாடிப்படி ஏற முடியல. மூச்சு வாங்குது."

ஒரு மனிதனின் உயிர் பட்டிமன்றத் தேதிக்காகக் காத்திருப்பது பற்றி அந்த அம்மாள் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. நானும் ஆச்சரியப்படவில்லை. முயற்சி பண்றேம்மா என்றேன்.

பட்டிமன்றத்தன்று அரங்கம் நிறைந்திருந்தது. மாணவர்களுக்கு வருகைப்பதிவு உண்டு என்று அறிவித்திருந்தார்கள். நலமே அணி தன் சாட்சியாக நல்லகாமனை மேடை ஏற்றியது. மாத்திரையால் பிழைத்த இதயத்தைச் சபைக்குக் காட்டச் சொன்னார் மாதங்கி அம்மாள். ஸ்டென்ட் வைக்கக் குழாய் நுழைத்த இடம் என்று அவன் மணிக்கட்டில் ஒரு புள்ளியைக் காட்டினான். பின்வரிசைக்குத் தெரியவில்லை என்பதால் சட்டைப் பொத்தானைக் கழற்றச் சொன்னார்கள். நெஞ்சில் ஒரு கீறல்கூட இல்லை. சபைக்கு ஏமாற்றம். எழுதிக் கொடுத்திருந்ததை அவன் மறந்துவிட்டு, டாக்டர் நிறுத்தக் கூடாதுன்னாரு, நான் நிறுத்தல, அம்புட்டுத்தான் என்று சொல்லி இறங்கினான். அன்றைக்கு மேடையில் சொல்லப்பட்டதில் உண்மையான பேச்சு அது. அதற்குத்தான் மிகக் குறைவாகக் கை தட்டினார்கள்.

பிறகு நான் பேசினேன். என்ன பேசினேன் என்பதை எழுத விருப்பமில்லை. எதுகை மோனையோடு வயிற்றைப் பற்றி எட்டு நிமிடம். நான்கு முறை அரங்கம் அதிரச் சிரித்தது. எதிர் அணியின் மாத்திரையை வெள்ளை எமன் என்று வர்ணித்தேன், அதற்கு விசில் பறந்தது. கடைசியாக என் சாட்சியைக் கூப்பிட்டேன்.

ஹரிராம் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் சுண்ணாம்பாக இருந்தது. நான் எழுதிக் கொடுத்த தாளை அவர் பிரிக்கவில்லை. "எனக்கு மட்டும் வேண்டாம்னுதான் கேட்டேன். மத்தவங்களுக்கு, யாருக்கு அது வேணுமோ..." என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. காபித்தூள் நிறத்தில் வாந்திதான் வந்தது, பிறகு சிவப்பாக வந்தது. அவர் மேசை விரிப்பை இழுத்துக்கொண்டு கீழே சரிந்தார்.

அரங்கம் கை தட்டியது. சாட்சி நடிக்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். நடுவர் கையை உயர்த்தி அமைதிப்படுத்தினார். கண்ணால் கண்டபின் வாதம் எதற்கு, சபை நேரத்தை வீணாக்க விரும்பவில்லை, தொல்லையே என்று தீர்ப்பளிக்கிறேன், இன்று முதல் இவ்வளாகத்தில் ஒருவரும் அந்த மாத்திரையைத் தொடக் கூடாது என்றார். வெற்றி பெற்ற அணித் தலைவர் என்று எனக்குச் சால்வை போர்த்தினார்கள். போர்த்தியபோது நான் குனிந்து ஹரிராமின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அதனால் சால்வை முதுகில்தான் விழுந்தது. மேடைக்கு ஓடிவந்து அவரைத் தூக்கியவன் நல்லகாமன். ஸ்டென்ட் வைத்த நெஞ்சோடு, தன்னைவிடக் கனமான ஆளைத் தோளில் சாய்த்துப் படியிறக்கி, கல்லூரி வேனில் கிடத்தினான். உள்ளே நன்றியுரை ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஹரிராமுக்கும் நன்றி இருந்தது, நான் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தேன்.

மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நான்கு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டுக் கசிவை அடைத்தார்கள். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் போயிருப்பார் என்றார்கள். போகவில்லை. இதோடு கதை முடிந்திருந்தால் இதை நகைச்சுவைக் கதையாகவே எழுதியிருப்பேன்.

மறுநாள் கல்லூரி வாசலில் 'புகையிலை இல்லா வளாகம்' பலகைக்குப் பக்கத்தில் 'ஆஸ்பிரின் இல்லா வளாகம்' என்று ஒரு பலகை முளைத்தது. மிச்சமிருந்த மாத்திரைகளைத் தாளாளர் தன் கையால் குழிதோண்டிப் புதைத்து அதன்மேல் ஒரு வேப்பங்கன்றை நட்டார். எல்லோருடைய பையையும் கேட்டில் சோதித்தார்கள். சோதிக்கிற வேலை நல்லகாமனுடையது. தலைவலி மாத்திரை வைத்திருந்த இரண்டு பேராசிரியைகளை அவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பிடித்துக் கொடுத்தான்.

அவன் மாதங்கி அம்மாளிடம் போய், எனக்கு மட்டுமாவது என்று கேட்டிருக்கிறான். அம்மாளுக்கு அதில் தோல்வியின் வருத்தம் வேறு இருந்தது.

"நீங்க பட்டிமன்றத்துல தோத்த அணி, மறந்துட்டீங்களா? பூச்சியம்னா பூச்சியம்தான். ஒருத்தர் சாப்பிட்டாலும் அது பூச்சியம் இல்ல."

பெரிய ஆஸ்பத்திரி மருந்துக் கவுன்ட்டருக்கும் ஒரு தடவை போனான். சீட்டில் கல்லூரியில் வழங்கப்படுகிறது என்று முத்திரை இருக்கிறதே, மாற்றி எழுதி வாங்கி வா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாற்றி எழுத இருதயப் பிரிவில் ஒரு நாள் முழுக்க உட்கார வேண்டும். தரச்சான்றுக் குழு வருகிறவரை யாருக்கும் விடுப்பு இல்லை.

ஆஸ்பத்திரியில் ஹரிராமைப் பார்க்க அவன் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்தபோது நானும் இருந்தேன். எட்டாவது நாள். ஹரிராம் தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் கொஞ்சம் நிறம் வந்திருந்தது. இத்தனை நாளாக யாரும் நம்பாததை இப்போது ஊரே நம்புகிறது என்ற நிம்மதியும் அதில் இருந்தது. தாளாளர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார். நீங்கள் சொன்னதுதான் சரி என்று சொல்லியிருந்தார். முப்பது வருட வேலையில் அவரிடம் அப்படி யாரும் சொன்னதில்லை.

நல்லகாமன் ஸ்டூலில் உட்கார்ந்து துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டே கேட்டான்.

"நானும் மாத்திரையை விட்டு எட்டு நாளாச்சுண்ணே. மெடிக்கல்ல ஒரு அட்டை வாங்கிப் போட்டுக்கிறவா? ஒரு டீ காசுதான். ஆனா உங்கள அன்னைக்குப் பாத்ததுல இருந்து அதத் தொடவே பயமா இருக்கு. படிச்சவுக அம்புட்டுப் பேரும் அது விசம்ங்குறாக. விட்டது நல்லதுதானேண்ணே?"

ஹரிராமுக்குத் தெரியும். சுப்பராமன் டாக்டர் சொன்னது அவருக்கு வார்த்தை வார்த்தையாகத் தெரியும். எனக்கும் தெரியும், நானும் அந்த அறையில் இருந்தவன்தான். நான் அவர் பேசட்டும் என்றிருந்தேன். அவர் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"நல்லது, விடு" என்றார்.

களைப்பு ஒரு காரணம். ஆனால் அது மட்டும் இல்லை. அந்த மாத்திரைக்கு யாரிடமும் எந்த நல்ல பெயரும் மிஞ்சுவதை அவர் அந்த நிமிடத்தில் விரும்பவில்லை. நான் அவரைப் பார்த்தேன். அவர் சாத்துக்குடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்லகாமன், அப்ப சரிண்ணே, போயிட்டு வாரேன் என்று எழுந்தான். நிம்மதியாகப் போனான்.

முப்பத்திரண்டு நாள் கழித்துத் தரச்சான்றுக் குழு வந்தது. மூன்று கார்கள். நல்லகாமன் புதுச் சீருடையில் கேட்டைத் திறந்து, விறைப்பாக நின்று, மூன்று காருக்கும் தனித்தனியாகச் சல்யூட் அடித்தான். மூன்றாவது கார் உள்ளே திரும்பியதும் உட்கார்ந்தான். பிறகு படுத்தான். பக்கத்திலிருந்த பஸ் டிரைவர்கள் அவனைப் பலகைக்குப் பின்னால் தூக்கிக்கொண்டு போய் நெஞ்சை அமுக்கிப் பார்த்தார்கள். ஆம்புலன்ஸ் பின்வாசல் வழியாக வரவழைக்கப்பட்டது, அது வந்தபோது வேலை இருக்கவில்லை. அவன் விழுந்ததைக் குழு பார்க்கவில்லை. அதற்காக அன்று மாலை ஊழியர் கூட்டத்தில் பஸ் டிரைவர்களைப் பெயர் சொல்லிப் பாராட்டினார்கள்.

எங்கள் கல்லூரிக்கு உயர்ந்த தரம் கிடைத்தது. நூறு சதவீதம் விழுங்கியது முதல் வருடத்தின் சிறந்த நடைமுறை, நூறு சதவீதம் நிறுத்தியது இரண்டாம் வருடத்தின் சிறந்த நடைமுறை. ஒரே விஷயத்தில் இரு வேறு முழுவெற்றிகள் என்று குழு வியந்து எழுதியிருந்தது. நிறுத்தியவர்கள் பட்டியலைத் தட்டச்சு செய்தவர் வேலைக்குத் திரும்பியிருந்த ஹரிராம். நூற்று நாற்பத்தெட்டு பெயரும் இருந்தன.

இரங்கல் கூட்டம் பதினோராம் நாள். நல்லகாமனின் மனைவி சின்னத்தாயை ஊரிலிருந்து வேன் அனுப்பிக் கூட்டிவந்து மேடையில் உட்காரவைத்தார்கள். தாளாளர் உருக்கமாகப் பேசினார். அவருடைய உருக்கத்தில் பொய் இல்லை என்பதுதான் கொடுமை.

"நல்லகாமன் நம்ம கொள்கைய மீறல. கேட்டுக்குள்ள ஒரு மாத்திரை கொண்டுவரல. இந்த மாதிரி ஒழுக்கம் இன்னைக்கு எத்தன பேருக்கு இருக்கு? அவர் இருந்தப்ப நமக்கு ஒரு பாடம் சொன்னாரு, போனப்ப ஒரு பாடம் சொல்லிட்டுப் போயிருக்காரு. அது என்ன பாடம்ங்கறத நாம சேர்ந்து யோசிக்கணும். அதனால அடுத்த மாசம் இதே மேடையில இதே தலைப்புல மறுபடி ஒரு பட்டிமன்றம் வைப்போம்."

கை தட்டினார்கள். நானும் தட்டினேன், பழக்கம்.

கூட்டம் முடிந்து சின்னத்தாயை வேன் வரைக்கும் கொண்டுபோய்விடும் வேலையை ஹரிராமே கேட்டு வாங்கிக்கொண்டார். நான் பின்னால் நடந்தேன். மெலிந்த பெண். கையில் கல்லூரி கொடுத்த நினைவுப்பரிசுப் பெட்டி. வேன் கதவைத் திறந்ததும் அவள் ஏறாமல் நின்று அவரைப் பார்த்தாள்.

"நீங்கதான ஹரிராம் அண்ணன். உங்களப் பத்திச் சொல்லாத நாளு கெடையாது. மாத்திரைய விட்டதுல இருந்து எனக்குத்தான் ராத்தூக்கமே இல்லாம இருந்துச்சுண்ணே. கடையிலயாவது வாங்கிப் போடுங்கன்னு தெனம் மல்லுக்கட்டினேன். உங்களப் பாத்துட்டு வந்தன்னைக்குத்தான், ஹரிராம் அண்ணனே நல்லதுன்னு சொல்லிருச்சு புள்ளன்னாரு. அதுக்கப்புறம் நான் ஒண்ணும் கேக்கல. எனக்கும் மனசு ஆறிப்போச்சு."

அவள் குறையாகச் சொல்லவில்லை. புருஷன் உயிரோடு இருந்த கடைசி ஒரு மாதம் வீட்டில் சண்டை இல்லாமல் இருந்ததற்கு நன்றி மாதிரித்தான் சொன்னாள்.

முன்பு மெமோவுக்குப் பதில் எழுத என்னைத் தேடி வந்த ஹரிராம், இதற்கு என் பக்கம் திரும்பவே இல்லை.

"எனக்குத் தெரியும்மா" என்றார். "அவனுக்கு அது வேணும்னு எனக்குத் தெரியும். டாக்டர் என்கிட்டயே சொல்லியிருந்தாரு. தெரிஞ்சுதான் அப்படிச் சொன்னேன்."

ரத்த வாந்தி எடுத்துப் பிழைத்த மனிதர், பாவம், கூட்டாளி போன துக்கத்தில் என்னவோ பேசுகிறார் என்றுதான் சின்னத்தாய்க்குப் பட்டிருக்க வேண்டும். பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அவர் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தாள்.

"விடுங்கண்ணே. நீங்க என்ன டாக்டரா" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினாள்.